சைட்கார் மோட்டாரில் ஹேண்டில் நிலைகொள்ளவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

ஹேண்டில் ஆடுகிறது என்று மோட்டார் கடைக்குப் போனால், "டாம்பர் ஒன்று போட்டுவிடலாம்" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் யோசனை. அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். ஸ்டியரிங் டாம்பர் ஆட்டத்தை அமுக்கும், ஆனால் ஆட்டத்தைக் கிளப்பும் கோளாறைத் தொடாது. லூசான கிளாம்ப், பள்ளம் விழுந்த பேரிங், விரிசல் விட்ட வெல்டிங் எல்லாம் அதன் மறைவில் வளர்ந்துகொண்டே இருக்கும். கைக்கு வரவேண்டிய எச்சரிக்கையும் வராது. முதலில் டயர் காற்று, அடுத்து எங்கே லூசு என்று பார்ப்பது, பிறகு சுமை, அதற்கு அடுத்துச் சக்கரங்கள் நிற்கும் கோண அளவு, எல்லாம் சரியான பிறகே டாம்பர். இந்த வரிசையை மாற்றினால் வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும், ஏனென்றால் லூசான வண்டியில் எடுத்த அளவு எதுவும் சாலையில் நிற்காது.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஐஸ்கிரீம், ரொட்டி, இளநீர், கேஸ் சிலிண்டர் ஏற்றி ஓடும் கப்சாய்களும் (சிறிய எஞ்சின் கொண்ட மோட்டார் சைக்கிள்கள்), மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்காகப் பக்கச் சக்கரம் பூட்டிய கப்சாய்களும் இங்கே கணக்கில் வருகின்றன. சைட்கார் இடப்பக்கம், மொத்தம் மூன்று சக்கரம், வளைவில் சாயாத வண்டி. முன்பக்கம் இரண்டு சக்கரம் வைத்துச் சாய்ந்து திரும்பும் யமஹா டிரைசிட்டி போன்றவற்றின் இயக்கமே வேறு. அவற்றுக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

எது பிழை, எது இயல்பு

இடப்பக்கச் சைட்கார் வண்டியில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இடப்பக்கம் இழுக்கும். எஞ்சினின் தள்ளு விசை மோட்டாரின் பின் சக்கரத்தில் இருக்கிறது, சைட்காரோ பக்கத்தில் இழுபட்டு வருகிறது, அதனால் அப்படி. ஆக்ஸிலேட்டரை விட்டாலோ பிரேக் பிடித்தாலோ வலப்பக்கம் இழுக்கும், ஏனென்றால் மோட்டார் நிற்கப் பார்க்கும்போது சைட்கார் முன்னே ஓடப் பார்க்கிறது. பிரேக் இல்லாத சைட்கார் சக்கரத்தில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். இடப்பக்கம் திரும்பும்போது சைட்கார் எழும்பப் பார்க்கும். இவை மெதுவாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்தால் வண்டியின் குணம். திடீரென்று வெட்டி இழுத்தாலோ, நேற்றில்லாதது இன்று வந்தாலோ, ஒரு முறை வந்து அடுத்த முறை வராமல் போனாலோ அது கோளாறு.

எந்த அறிகுறியானாலும் முதலில் காற்றும் சக்கரமும்

வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது காற்றைப் பாருங்கள். பெட்ரோல் நிலைய பம்புகள் பலவற்றில் கிலோபாஸ்கல் கணக்கு இருக்கும். 200 கிலோபாஸ்கல் என்றால் 29 பிஎஸ்ஐ. கப்சாய்க்குப் பொதுவாக முன் டயருக்கு 200, பின் டயருக்கு ஒருவர் ஓட்டினால் 225, இருவர் ஏறினால் 280 என்று தயாரிப்பாளர் சொல்வார். உங்கள் வண்டியின் ஸ்டிக்கரில் உள்ளதையே அடிப்படையாக வையுங்கள். சைட்கார் பூட்டிய வண்டியில் பின் டயருக்கு இருவர் கணக்கையும், முன் டயருக்கு 225 வரையும் வைப்பது நல்லது. சாயாத வண்டியில் வளைவின் விசை முழுவதும் டயரின் பக்கச்சுவரில்தான் இறங்குகிறது. முன் டயரில் 150 மட்டும் இருந்தால் பக்கச்சுவர் மடிந்து நிமிர்வதே 30 கி.மீ. வேகத்தில் ஹேண்டிலை ஆட்டப் போதும். சைட்கார் டயருக்குச் சுமையைப் பொறுத்து 150 முதல் 200. டயரில் அச்சிட்ட உச்ச அளவை எதிலும் தாண்ட வேண்டாம்.

அடுத்து, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றுங்கள். கேபிள் டை ஒன்றை ஃபோர்க்கில் கட்டி, அதன் முனை ரிம்மைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வெட்டிவிட்டால் அதுவே அளவுமுள். ரிம் பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ 2 மி.மீ.க்கு மேல் ஓடினால் சக்கரக் கம்பி (ஸ்போக்) இழுத்துச் சரி செய்ய வேண்டும். கம்பிகளை ஸ்குரூடிரைவர் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். சைட்கார் வண்டியில் கம்பி தளர்வது சாதாரண மோட்டாரைவிட வேகமாக நடக்கும், பின் சக்கரத்தில் இன்னும் வேகமாக. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடுவது சக்கர பேரிங். மூன்று சக்கரத்திலும் பாருங்கள். சைட்கார் சக்கரத்தின் பேரிங்கைப் பலர் வருடக்கணக்கில் திரும்பியே பார்ப்பதில்லை. வெள்ளநீரில் இறங்கி ஏறும் வண்டியில் முதலில் போவது அதுதான்.

அறிகுறி: 20 முதல் 40 கி.மீ. வேகத்தில் ஹேண்டில் இடமும் வலமுமாகப் படபடக்கிறது

அதிகம் வரும் புகார் இது. வேகம் ஏறும்போது வந்து, 45ஐத் தாண்டினால் அடங்கி, நிறுத்த வரும்போது மறுபடி தலைகாட்டும்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் தேடுவது சுலபம். முன் சக்கரம் தரையைத் தொடும் இடம், ஃபோர்க் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. அந்தத் தூரம்தான் ட்ரெயில். ஹேண்டிலைத் தானாக நடுவுக்குக் கொண்டுவருவது அதுவே. சாதாரண மோட்டாரில் சக்கரம் நடுவுக்குத் திரும்பும்போது வண்டியே சற்றுச் சாய்ந்து அந்த விசையை வாங்கிக்கொள்ளும். சைட்கார் பூட்டியதில் சாய வழியில்லை. சக்கரம் நடுவைத் தாண்டி மறுபக்கம் போகும், அங்கிருந்து திரும்ப வரும். பக்கத்தில் இருக்கும் சைட்காரின் எடையும் சேர்ந்து அதை உந்தும். ஆக, கம்பெனி ட்ரெயிலோடு சைட்கார் பூட்டிய வண்டியில் இந்தப் படபடப்புக்கான விதை எப்போதும் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் டயரும் பேரிங்கும் அதை அடக்கி வைத்திருக்கும். அவற்றில் ஒன்று தளர்ந்தால் போதும்.

காற்றும் சக்கரமும் சரி என்றால் ஸ்டியரிங் பேரிங்கைச் சோதியுங்கள். எஞ்சினுக்கு அடியில் கட்டை வைத்து முன் சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்குங்கள். சைட்கார் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஃபோர்க்கின் கீழ்முனையை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளுங்கள். வேறொருவர் ஹேண்டிலுக்குக் கீழே, ஃபோர்க்கும் ஃபிரேமும் சேரும் இடத்தில் விரல் வைத்துப் பார்க்கட்டும். ஒரு சின்ன 'டக்' விரலுக்குத் தெரிந்தாலும் பேரிங் லூசு. இதே ஆட்டம் ஃபோர்க் குழாய்களுக்குள்ளேயும் இருக்கலாம். 'டக்' எங்கே பிறக்கிறது என்று விரல்தான் சொல்லும், காதை நம்பாதீர்கள்.

கப்சாயில் இதை இறுக்க ஹேண்டில் மூடியைக் கழற்ற வேண்டும். மேல் நட்டைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் வளைய நட்டை ஹூக் ஸ்பேனரால் உட்காரும்வரை இறுக்குங்கள். ஹேண்டிலை முழு இடத்திலிருந்து முழு வலத்துக்குப் பலமுறை திருப்பி, பிறகு எட்டில் ஒரு பங்கு சுற்று தளர்த்துங்கள். மேல் நட்டை இறுக்கியதும் மறுபடி சோதிக்க வேண்டும், ஏனென்றால் அது இறுகும்போது வளைய நட்டையும் சற்றுக் கீழே தள்ளும். சரியாக வைத்த பேரிங்கில் ஆட்டம் இருக்காது. நடுவில் வைத்து இலேசாகத் தட்டினால் ஹேண்டில் தன் எடையிலேயே பக்கத்துக்கு விழும்.

இதற்குப் பிறகும் படபடப்பு அப்படியே இருந்தால், சைட்கார் இணைப்புகளைக் கீழே சொல்லும் முறையில் பாருங்கள். அவையும் உறுதி, டோ-இன் அளவும் (சைட்கார் சக்கரத்தின் முன்பக்கம் மோட்டாரை நோக்கிச் சற்று உள்ளே திரும்பியிருக்கும் அளவு) சரி, ஆனாலும் 30இல் ஆடுகிறது என்றால்தான் அது டாம்பர் கேட்கும் ஆட்டம்.

அறிகுறி: நேராகப் போகையில் ஹேண்டில் நடுவில் சிக்கிச் சிக்கி விடுகிறது

வண்டி நேராக நிற்காமல் சின்னச் சின்னதாக இடமும் வலமும் தேடிக்கொண்டே போகும். திருத்தப் போனால் கொஞ்சம் அதிகமாகத் திரும்பிவிடும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை ஒரு விரலால் திருப்புங்கள். நடுவில் வரும்போது ஒரு குழியில் விழுந்ததுபோல் நின்றால் பேரிங்கில் குண்டுகள் ஓடும் தளம் போய்விட்டது.

கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கீழ்த்தளத்தை வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். குண்டுகள் உட்கார்ந்த இடமெல்லாம் வரிசையாகப் பளபளக்கும் முட்டை வடிவக் குழிகள் தெரியும். முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் ஆழமாக, பக்கங்களில் மெலிதாக. நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் தட்டும். வேகத்தடையிலும் சாலைக் குழியிலும் அடிவாங்கும்போது ஹேண்டில் நேராகவே இருப்பதால் குண்டுகள் அதே இடத்தில் குத்திக் குத்தி உண்டான குழி அது. கிரீஸ் போட்டாலோ குண்டுகளை மட்டும் மாற்றினாலோ போகாது. மேல்தளம், கீழ்த்தளம், குண்டு எல்லாம் செட்டாக மாற்ற வேண்டும். உங்கள் மாடலுக்குக் கூம்பு ரோலர் பேரிங் செட் கிடைத்தால் அதையே போடுங்கள். ரோலர் நீளமாகத் தாங்குவதால் குழி விழ நாளாகும். புதுத் தளத்தைச் சுத்தியலால் நேரடியாக அடிக்காமல், பழைய தளத்தை மேலே வைத்து அடித்து இறக்குங்கள். சற்றுக் கோணலாக உட்கார்ந்தாலும் ஒரே மாதத்தில் பழைய கதை தொடங்கும்.

குழி இல்லாமல் மொத்தமாகவே கனமாகத் திரும்பினால் பேரிங்கை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள். அல்லது கேபிள், ஒயர் எங்கோ இழுபடுகிறது. இதுவும் வண்டியை நேராகப் போகவிடாது. லூசுக்குப் பயந்து இறுக்கிவிட்டு, முன்பைவிட மோசம் என்று வருபவர்கள் நிறைய.

அறிகுறி: 50ஐத் தாண்டினால் ஹேண்டில் இலேசாகி, தொட்டாலே வெட்டுகிறது

இங்கே முதல் சந்தேகம் சுமையின் மேல்தான், நட்டு போல்ட்டின் மேல் அல்ல. மேலிருந்து பார்ப்பதாக நினைத்து, பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து சைட்கார் சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டுக்கு முன்னால் வைக்கும் எடை முன் சக்கரத்தை அழுத்தும். பின்னால் வைக்கும் எடை முன் சக்கரத்தைத் தூக்கும். ஐஸ் பெட்டி, சிலிண்டர், தண்ணீர் தோம்பு எல்லாம் எட்டுவதற்கு வசதி என்று பின்னால் போய்ச் சேர்வதே வழக்கம். நிரம்பிய 14 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று உருளையின் எடையும் சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ வரும். அது கோட்டுக்கு ஒரு முழம் பின்னால் இருந்தால், 50இல் ஹேண்டில் ஏன் காற்றில் மிதக்கிறது என்று வேறெங்கும் தேட வேண்டாம்.

சோதிக்க ஒரு சாதாரண எடை மெஷின் போதும். முன் சக்கரத்தை மெஷின் மேல் ஏற்றி, மற்ற இரண்டு சக்கரத்துக்கும் அதே உயரத்துக்குப் பலகை வையுங்கள். ஓட்டுபவர் உட்கார்ந்திருக்க, காலி வண்டியில் எவ்வளவு காட்டுகிறது, வியாபாரச் சுமையோடு எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சுமை ஏற்றியதும் முன் சக்கர எடை குறைந்தால் சுமை கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கனமானதை முன்னே, கீழே, முடிந்தவரை மோட்டாருக்கும் சைட்கார் சக்கரத்துக்கும் நடுவே நகர்த்துங்கள். மெஷினில் முன் சக்கர எடை காலி அளவுக்குக் குறையாமல் வந்த பிறகு ஓட்டிப் பாருங்கள்.

சுமை சரி என்றால், பின்பக்க ஷாக்கைப் பாருங்கள். சுமை தாங்கட்டும் என்று நீளமான ஷாக் போடும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. 1.2 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள கப்சாயின் பின்புறத்தை 30 மி.மீ. உயர்த்தினால் முன் ஃபோர்க் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி நிமிர்ந்துவிடும், ட்ரெயிலில் 9 மி.மீ. போய்விடும். படபடப்பு சற்றுக் குறையலாம், ஆனால் வேகத்தில் ஹேண்டில் கூர்மையாகிவிடும். சுமைக்கு வேண்டியது கெட்டியான ஸ்பிரிங். நீளம் கம்பெனி அளவிலேயே இருக்கட்டும்.

பின் சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மின் புஷ்ஷும் இதே அறிகுறியைக் கொடுக்கும். பின் சக்கரத்தைத் தூக்கி, ஸ்விங் ஆர்மின் பின்முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுங்கள். கையில் ஆட்டம் உணரும்படி இருந்தால் புஷ் மாற்ற வேண்டும். பின் சக்கரமே வண்டியைத் திருப்பப் பார்க்கிறது, ஹேண்டில் அதற்குப் பழி சுமக்கிறது.

இவை எதுவும் இல்லையென்றால் டோ-இன். அது சுழியமாகவோ வெளிநோக்கியோ போயிருந்தால் வண்டி நேராக நிற்கவே நிற்காது.

அறிகுறி: ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் அல்லது விட்டால் 'டக்' என்று பக்கம் வெட்டுகிறது

இது இணைப்பு லூசு. அனேகமாக எல்லா முறையும்.

சைட்கார் குறைந்தது நான்கு இடத்தில் மோட்டாரோடு பூட்டப்பட வேண்டும். கீழே இரண்டு, மேலே இரண்டு. கீழ் இணைப்புகள் சைட்காரை இழுத்து வருகின்றன, மேல் இணைப்புகள் மோட்டாரைச் சாயாமல் நிறுத்துகின்றன. கப்சாயில் வரும் பெரிய தவறு, கீழ் இணைப்பைக் கால்மிதிக் கம்பியில் பூட்டுவது. அந்தக் கம்பி எஞ்சின் அடியில் சில போல்ட்டுகளில் மட்டும் தொங்குகிறது. சைட்காரின் முழு இழுப்பும் எஞ்சின் உறையின் அலுமினிய மரைகளுக்குப் போகும். மரை போகும், எண்ணெய் கசியும், கடைசியில் உறையே விரியும். எஞ்சினுக்குக் கீழே ஃபிரேம் இல்லாத வண்டி இது. ஆகவே எஞ்சினைச் சுற்றித் தனியாக ஒரு துணை ஃபிரேம் செய்து, அதை மோட்டாரின் முதுகுக் குழாயிலும் ஸ்விங் ஆர்ம் அச்சுப் பகுதியிலும் பிடித்து, அதில்தான் சைட்காரைப் பூட்ட வேண்டும். உங்கள் வண்டியில் அப்படி இல்லையென்றால், ஹேண்டில் ஆட்டத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு அதைச் சரி செய்யுங்கள்.

சோதிக்க இருவர் வேண்டும். ஒருவர் மோட்டாரில் உட்கார்ந்து முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர் சைட்கார் சக்கரத்தின் மேல்பகுதியைப் பிடித்து உள்ளும் வெளியும் தள்ளட்டும், அடுத்துச் சைட்காரின் முன்முனையை முன்னும் பின்னும் இழுக்கட்டும். ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பாருங்கள். அசைவு தெரியாத இடத்திலும் சாட்சி இருக்கும். கிளாம்ப் ஓரத்தில் செங்கல் தூள்போல் மெல்லிய துரு படிந்திருந்தால் அங்கே இரண்டு இரும்பு ஒன்றோடொன்று உராய்ந்துகொண்டிருக்கிறது. பெயிண்ட்டில் முடி அளவு கோடும், அந்தக் கோட்டிலிருந்து துரு நீர் வழிந்த தடமும் இருந்தால் வெல்டிங் விரிசல். அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது.

பினாங்கில் கடலோரம் வியாபாரம் செய்யும் வண்டிகளில் இன்னொன்று கவனியுங்கள். ஹாலோ இரும்பில் செய்த சைட்கார் வெளியே புதிதுபோல் இருக்கும், உள்ளே உப்புக் காற்றும் மழைநீரும் தின்றிருக்கும். சுத்தியலால் இலேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் செத்துப்போகும் இடத்தில் ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். குழாயின் அடிப்பக்கத்தில் நீர் வடிய 5 மி.மீ. துளை இல்லையென்றால் போடுங்கள், வெல்டிங்கிலிருந்து தள்ளி.

போல்ட்டுகள் 8.8 தரத்துக்குக் குறையக்கூடாது. கெட்டியான தட்டை இணைப்பில் எம்10 போல்ட்டுக்குச் சுமார் 45 நியூட்டன் மீட்டர், எம்12க்குச் சுமார் 80. குழாயைத் துளைத்துப் போட்ட போல்ட் என்றால், உள்ளே ஸ்லீவ் இல்லாமல் இந்த அளவுக்கு இறுக்கினால் குழாய் நசுங்கும். நைலான் பூட்டு நட்டுகளையே போடுங்கள், கழற்றும்போதெல்லாம் புதிது.

இணைப்பெல்லாம் உறுதி, ஆனாலும் பிரேக்கில் மட்டும் வெட்டுகிறது என்றால் சைட்கார் பிரேக்கைப் பாருங்கள். ஐந்து கிலோமீட்டர் பிரேக்கைக் குறைவாகத் தொட்டு ஓட்டிவிட்டு ஹப்பின் அருகே கையைக் கொண்டுபோங்கள். சுடுகிறது என்றால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது, வண்டி இடப்பக்கம் இழுப்பதும் அதனால்தான்.

அறிகுறி: சமதளத்திலும் எப்போதும் ஒரு பக்கம் இழுக்கிறது

சாலையில் சோதிக்காதீர்கள். மழைநீர் வடிய நம் சாலைகள் இடப்பக்கம் சரித்துப் போடப்பட்டவை, எந்தச் சைட்கார் வண்டியும் அங்கே சற்று இடப்பக்கம் போகும். ஞாயிறு காலை காலியாகக் கிடக்கும் சமதளக் கார் நிறுத்துமிடத்தில், சீரான 30இல், விரல்களைத் தளர்த்திப் பாருங்கள். கையை முழுதாக எடுக்க வேண்டாம். பிறகு எதிர்த் திசையிலும் ஓட்டிப் பாருங்கள்.

இரு திசையிலும் இடப்பக்கம் இழுத்தால் டோ-இன் அல்லது வெளிச்சாய்வு (மோட்டார் சைட்காரிலிருந்து விலகிச் சாய்ந்து நிற்கும் அளவு) போதவில்லை. வலப்பக்கம் இழுத்தால் இரண்டில் ஒன்று அதிகம். எது என்று டயர் சொல்லும். சைட்கார் டயரின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை ஓட்டுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம்போல் உரசியும் இருந்தால் சக்கரம் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே ஓடுகிறது, டோ-இன் தவறு. டயர் வழவழப்பாகவே இருந்தால் சாய்வைப் பாருங்கள்.

அளவு எடுப்பதும் திருத்துவதும்

தரை சமமாக இருக்க வேண்டும். அடுக்குமாடிகளின் கீழ்த்தளம் நீர் வடியச் சரித்துக் கட்டியது, கண்ணுக்குச் சமமாகத் தெரியும். நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயால் மூன்று சக்கரம் நிற்கும் இடத்தையும் பாருங்கள். காற்று சரியாக, வழக்கமான சுமை ஏற்றி, ஓட்டுபவரோ அவர் எடைக்கு மணல் மூட்டையோ சீட்டில் இருக்க வேண்டும். காலி வண்டியில் எடுத்த அளவு காலி வண்டிக்கே பயன்படும்.

ஹார்ட்வேர் கடையில் 2 மீட்டர் அலுமினியச் சட்டம் இரண்டு வாங்குங்கள். தரையிலிருந்து ஒரு செங்கல் உயரத்தில், ஒன்றை மோட்டாரின் வலப்பக்கம் பின் டயரின் முன், பின் ஓரங்களைத் தொடும்படி வையுங்கள். முன் டயர் மெலிதாக இருப்பதால் அங்கே இடைவெளி தெரியும். பின் டயர் 80 மி.மீ., முன் டயர் 70 மி.மீ. அகலம் என்றால் இடைவெளி 5 மி.மீ. அந்த அளவு முன் டயரின் இரு ஓரத்திலும் வராவிட்டால் மோட்டாரின் இரண்டு சக்கரமே ஒரே கோட்டில் இல்லை. செயின் அட்ஜஸ்டர் கோடுகளை நம்பாமல் அதை முதலில் சரி செய்யுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் ஃபோர்க் முறுக்கியிருக்கிறது. ஆக்ஸிலையும் கிளாம்ப் போல்ட்டுகளையும் தளர்த்தி, பிரேக் பிடித்து முன்பக்கத்தைச் சில முறை அமுக்கி விட்டு, கீழிருந்து மேலாக இறுக்குங்கள். ஆக்ஸிலை உருட்டிப் பாருங்கள், 0.2 மி.மீ.க்கு மேல் வளைவு இருந்தால் மாற்றுங்கள்.

இரண்டாவது சட்டத்தைச் சைட்கார் டயரின் வெளிப்பக்கம் அதே உயரத்தில் ஒட்டி வையுங்கள். முன் டயருக்குச் சற்று முன்னால் இரண்டு சட்டங்களுக்கும் உள்ள தூரத்தையும், பின் டயருக்குச் சற்றுப் பின்னால் உள்ள தூரத்தையும் அளந்து பாருங்கள். முன்னால் உள்ள தூரம் குறைவாக இருக்க வேண்டும், அந்த வித்தியாசமே டோ-இன். கப்சாய்க்கு 10 மி.மீ.இல் தொடங்குங்கள். இடப்பக்க இழுப்பு தீரவில்லையென்றால் 2 மி.மீ. வீதம் கூட்டி 15 வரை போகலாம். அதற்கு மேல் போனால் டயர் தேய்வதுதான் மிச்சம்.

வெளிச்சாய்வு என்பது மோட்டார் சைட்காரிலிருந்து விலகி, வலப்பக்கம் இலேசாகச் சாய்ந்து நிற்பது. பின் ரிம்மின் மேலிருந்து நூல்குண்டு தொங்கவிட்டு, ரிம்மின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் நூலிலிருந்து உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 17 அங்குல ரிம்மில் ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 7.5 மி.மீ. சுமையோடு ஒரு டிகிரி போதும். மோட்டார் சைட்கார் பக்கம் சாய்ந்து நிற்கவே கூடாது.

சைட்கார் சக்கரம் மோட்டாரின் பின் சக்கரத்தைவிட 150 முதல் 250 மி.மீ. முன்னால் இருக்க வேண்டும். நேர் கோட்டிலோ பின்னாலோ இருந்தால் வலப்பக்கத் திருப்பத்தில் மோட்டாரின் பின் சக்கரம் எழும்பி, சைட்காரின் முன்மூலை சீக்கிரம் தரையில் குத்தப் பார்க்கும். மிக முன்னால் போனால் திரும்பவே கனமாகும்.

சாய்வை மாற்றினால் டோ-இன்னும் மாறும். ஆகவே சாய்வை முதலில் வைத்து, டோ-இன்னை அடுத்து வைத்து, இரண்டையும் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, எழுதி வையுங்கள்.

அறிகுறி: காலியாக ஓட்டும்போது மட்டும், இடப்பக்கம் திரும்பையில் ஹேண்டில் திடீரென்று இலேசாகிறது

சைட்கார் எழும்புகிறது. நட்டு போல்ட்டில் ஒன்றுமில்லை. சரக்கு விற்றுத் தீர்ந்து திரும்பும் வண்டியில் அதிகம் நடப்பது. 20 முதல் 30 கிலோ மணல் மூட்டையைச் சைட்கார் சக்கரத்துக்குப் பக்கத்தில், தரைக்கு நெருக்கமாக, நகராதபடி கட்டுங்கள். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். எழும்பிவிட்டால் இடம் இருக்கும் அளவுக்கு ஹேண்டிலைச் சற்று வலப்பக்கம் விட்டால் இறங்கிவிடும். பதறிப்போய் முன் பிரேக்கை அழுத்தாதீர்கள்.

பினாங்குப் பாலத்தில் பக்கக் காற்றில் வரும் ஆட்டமும் இப்படித்தான். மடக்காத குடையும் உயரமான பெட்டியும் பாய்மரமாக வேலை செய்கின்றன. குடையைக் கழற்றிப் படுக்க வையுங்கள்.

கடைசியாக டாம்பர்

இத்தனையும் பார்த்த பிறகும் 30இல் படபடப்பு மிச்சம் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். சைட்கார் வண்டிக்கு அது முறையான பாகம்தான். ஹைட்ராலிக் வகை நல்லது. ஹேண்டிலை முழு இடம், முழு வலம் திருப்பினாலும் டாம்பரின் தண்டு முட்டக்கூடாது, ஃபோர்க்கின் சொந்தத் தடுப்புதான் முதலில் முட்ட வேண்டும். ஒரு முனை ஃபோர்க்கின் கீழ்க் கிளாம்பில், மறுமுனை ஃபிரேமில் அல்லது துணை ஃபிரேமில். பிளாஸ்டிக் கவசத்தையோ மட்கார்டையோ தாங்குவதற்கு நம்பக்கூடாது. அளவு மாற்றும் வகையானால் மிகக் குறைந்த இறுக்கத்தில் தொடங்கி, படபடப்பு நின்ற இடத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் ஹேண்டில் மந்தமாகி, வண்டி மறுபடி பக்கம் தேட ஆரம்பிக்கும்.

துணை ஃபிரேமோ சைட்காரோ வெட்டி ஒட்டி மாற்றும் வேலையை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். வேலை முடிந்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் பக்கத்து இரும்புவரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். 50 கி.மீ. ஓடியதும் ஒரு முறை, 200 கி.மீ. ஓடியதும் ஒரு முறை கோடுகளைப் பாருங்கள். எங்காவது கோடு உடைந்திருந்தால் அந்த இணைப்பை இறுக்கி, டோ-இன்னை மறுபடி அளந்து பாருங்கள்.